இரண்டாவது வாய்

ஜூலை 3, வியாழன்

டேய் உருண்டு, இன்றைக்கு உன் பெண்டாட்டி பருப்பு மசியல் சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்று சொல்வதா, நக்கினாள் என்று சொல்வதா, தெரியவில்லை. காபிக்குச் சர்க்கரை போடும் சின்னக் கரண்டியால் எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். இறங்கிவிட்டது. வாந்தி இல்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கென்றே ஒரு மேடம் இருக்கிறார்கள். தினமும் என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு இறங்கியது என்று எழுதி வையுங்கள் என்றார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள், கோகிலாவே எழுதிக்கொள்ளட்டும் என்றேன். சாப்பிடுகிறவர்கள் பொய் எழுதுவார்கள், கொடுக்கிறவர்கள்தான் எழுத வேண்டும் என்று சிரித்தார்கள். பஸ் கட்டுகிற பட்டறையில் உனக்குக் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. பருப்பு, தண்ணி என்று மட்டும் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன்னிடம் சொல்வது போல எழுதினால் ஓடுகிறது. மேடம் கேட்டால் வேறு தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

உனக்கு நடந்தது எதுவும் தெரியாது இல்லையா. நீ போய் வைகாசியோடு வருஷம் முடிந்தது. திவசம் கொடுத்த கையோடு கோகிலா கோயமுத்தூர் போய் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பு இளைப்பதற்காக. அவள் வேலை பார்க்கும் கம்பெனி இன்சூரன்சில் செய்தார்கள். அவளுக்கு அம்மா இல்லை, அண்ணன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். பார்த்துக்கொள்ள நான்தான்.

கல்யாணமான மறு வருஷம் நீயும் அவளும் சேர்ந்தே போய் இந்த ஆபரேசனைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தீர்கள். அப்புறம் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்கு நினைவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கேரட் மசியல். பாதி மிச்சம். மிச்சத்தை நான் குடித்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

முதலில் வெறும் தண்ணி, அப்புறம் மசியல், அப்புறம் மெத்தென்று இருப்பது, கடைசியில் கெட்டிச் சாப்பாடு. இதுதான் வரிசை. ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆனால் கோகிலா ஆரம்பத்திலேயே வாந்தி எடுத்ததால், அந்தத் தாளைப் பார்க்க வேண்டாம், நான் போனில் சொல்லச் சொல்ல மாற்றுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். ஆபரேசன் அன்றைக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அதனால் போன் எனக்குத்தான் வரும்.

பச்சைக் குழந்தைக்குச் செய்வது போலத்தான் எல்லாம். வேகவைத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டி, ஆற வைத்து. உனக்குக்கூட நான் இப்படி வடிகட்டியதில்லை. ஆறு மாசத்திலேயே கையை நீட்டிச் சோற்றைப் பிடுங்கியவன் நீ. கொழுகொழுவென்று இருந்ததால்தான் உருண்டு என்று கூப்பிட்டேன்.

எதிர்வீட்டு ரங்கநாயகி பார்க்க வந்தாள். ஒறம்பரையாக வீட்டுக்கு வந்தவள் பேசுகிற பேச்சா அது.

"வெட்டுன வயித்த என்ன பண்ணுனாங்களாம் கண்ணு? கையில குடுத்துட்டாங்களா?"

"பார்சல் கேட்டேனுங்க. தர மாட்டேன்னுட்டாங்க" என்றாள் கோகிலா.

ரங்கநாயகி சிரித்து முடித்து என்னைப் பார்த்தாள். "ஏன் துளசி, ஆபரேசன் அவளுக்கா உனக்கா? ரவிக்கை தொங்குது பாரு." இரண்டு பக்கமும் ஒரு தையல் போட வேண்டும். ஒருத்திக்கு மசியல், ஒருத்திக்குச் சோறு என்று தனித்தனியாக வைக்க அலுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

மனசுக்குள் வைத்துக்கொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டேன். நல்லாத்தானே இருந்தாய், கையும் காலும் ஒழுங்காக இருக்கிற உடம்பை எதற்கு வெட்டிக்கொண்டாய் என்று.

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க அத்தை. அவரும் அப்படித்தான் வாங்குனாரு."

மிக்சி ஜார் காய்ந்துவிடும் என்று எழுந்து போய்க் கழுவினேன்.

நீ பஸ்ஸுக்குள் சீட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று பட்டறையில் சொன்னார்கள். புது பஸ். ஓடாத பஸ். அதில் உட்கார்ந்த முதல் ஆள் நீதான் என்று மேஸ்திரி அழுதார். மூச்சு வாங்கியதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் பூசணிக்காய் மசியல், மோர். மத்தியானம் கோகிலாவின் அண்ணன் நல்லசிவம் வந்தான். நல்ல பிள்ளை. செருப்பை வெளியே நேராக விட்டு வருகிறவன். நான் அவனுக்குத் தோசை ஊற்றினேன். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

"அத்தை, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. வெள்ளகோயில்ல ஒரு இடம் வந்திருக்குது. அவருக்கும் பொண்டாட்டி இல்லீங்க. கொழந்தையும் இல்ல. ஆவணி பொறந்ததும் பாக்க வரோம்ங்கறாங்க."

நல்லதுதானே என்றேன். முப்பது வயசுப் பெண். நல்லதுதான். நான் வேறென்ன சொல்ல முடியும்.

சோறு சாப்பிடுகிற வரைக்கும் தங்கச்சி இங்கேயே இருக்கட்டும், உங்களை மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது, சோறு இறங்க ஆரம்பித்ததும் சொல்லுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். உள்ளே படுத்திருந்த கோகிலா, "சோறு எறங்கட்டும்ண்ணா, பாத்துக்கலாம்" என்று குரல் கொடுத்தாள். அது வருகிறேன் என்பதா, வரவில்லை என்பதா, எனக்குப் பிடிபடவில்லை.

நாலாவது தோசையை வேண்டாம் என்றான். வைத்தேன். சாப்பிட்டான்.

ஜூலை 14, திங்கள்

மேடம் போன் செய்தார்கள். வாந்தி நின்றுவிட்டதா, அப்படியானால் இன்றையிலிருந்து மெத்தென்று கொடுக்கலாம், இட்லியைப் பாலில் ஊற வைத்துக் கொடுங்கள், முட்டை, இடியாப்பம் எல்லாம் கொடுங்கள் என்றார்கள். சரிங்க சரிங்க என்றேன்.

என்னங்க சொன்னாங்க என்று கோகிலா கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் மசியலே கொடுக்கச் சொன்னார்கள் என்றேன்.

அவசரம் எதற்கு. தையல் போட்ட இடம். நாம் ஒன்று கொடுத்து ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது.

ஜூலை 15, செவ்வாய்

பீர்க்கங்காய் மசியல்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நெத்திலிக்காரன் சத்தம் கேட்டது. நெத்திலி வாசத்துக்கு ஏங்கிப் போய்க் கோகிலா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

கோகிலா எனக்கு மசியலைப் பற்றி ஒரு கதை சொன்னாள். பீர்க்கங்காய், பூசணிக்காய், பருப்பு என்று நீங்கள் பேர் மட்டும் மாற்றுகிறீர்கள், எல்லாம் மிக்சி ருசிதான் இருக்கிறது, மிக்சியையே அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். சிரித்தோம். அவள் சிரிக்கும்போது தாடைக்குக் கீழே ஒரு குழி விழுகிறது. முன்பு சதையில் அது தெரியவில்லை. வேறு யாரோ ஒரு பெண் நம் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. நீ வந்தால் அடையாளம் தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவாய்.

பக்கத்து வீட்டில் இட்லி ஊற்றிய வாசம் வந்தபோது மேடத்துக்கு மறுபடி போன் போட்டுக் கேட்கலாமா என்றாள். அவர்களே கூப்பிடுவார்கள் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

நல்லசிவம் போன் செய்து, இட்லியாவது சாப்பிடுகிறாளா அத்தை என்றான். இன்னும் இல்லை என்றேன். அது உண்மைதான்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

எழுத்து கோணலாக வருகிறது.

காலையிலிருந்து சொல்கிறேன். உனக்குப் படையல் போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். காக்கா வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. நீயும் எப்போதும் வடையில்தான் கை வைப்பாய். படைத்த இலையில் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். நம் வீட்டு வழக்கம் அது. கோகிலா சும்மா உட்கார்ந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளேதான் கேட்டாள்.

"ஒரு வாய் நீங்களே ஊட்டி விடுங்க அத்தை. அவரு சோறு."

நெய் விட்டுப் பருப்பு போட்டு நன்றாகப் பிசைந்தேன். குழைவாகத்தான் பிசைந்தேன். சின்ன உருண்டை. மென்றாள், இறங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

ஒரு வாயோடு நிறுத்தக் கூடாதே. ஒரே ஒரு வாய் போடுவது வாய்க்கரிசிக்கு மட்டும்தான். உனக்குப் போட்டேன் இல்லையா. இந்தக் கையால்தான் போட்டேன். அதற்கு மறுவாய் கிடையாது. உயிரோடு இருக்கிறவர்களை மறுவாய் கொடுக்காமல் நான் இலையிலிருந்து எழ விட்டதே கிடையாது. உன் அப்பாவை, உன்னை, வேலைக்கு வந்த கொத்தனாரை, யாரையும்.

"வேண்டாமுங்க அத்தை" என்றாள்.

"ஒத்த வாயோட எந்திரிக்கக் கூடாது கண்ணு. தொற."

வாயைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை. எச்சில் நுரை நுரையாக வந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் பூபதி பூபதி என்று உன் பேரைச் சொல்லிக் கத்தினேனாம். ரங்கநாயகி சொல்கிறாள். அவள் பேரைச் சொல்லாமல் உன் பேரை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ரங்கநாயகியின் மருமகன் காரை எடுத்தான். நம் தெரு டாக்டர் கிளினிக்கில் போய்ச் சேர்வதற்குள் சோறு வெளியே வந்துவிட்டது. பிறகு மூச்சு சீராகிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் என் போனை வாங்கி மேடத்தைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தார். எல்லோருக்கும் கேட்டது.

"இட்லி ஆரம்பிங்கன்னு பத்து நாளைக்கு முன்னாடியே சொன்னேனே. அதையே குடுக்கலையா? இட்லியே குடுக்காம நேரா சோத்துக்குப் போனா எப்படிம்மா?"

கோகிலா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

ஜூலை 25, வெள்ளி

மறுபடியும் வெறும் தண்ணி. வடிகட்டிய பருப்புத் தண்ணி. அவளே வைத்துக் குடித்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு. இது அப்படி இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் இருப்பது போல இருந்தாள். நானும் அப்படித்தான். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"நான் போகக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லலாமில்லீங்க அத்தை."

"போகக் கூடாதுன்னு ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லலைங்க. இட்லிதான் வரல."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. உனக்குப் போக வேண்டுமா கண்ணு என்று கேட்டேன். துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"எனக்கே தெரியலீங்க. அவரு இருந்த ரூமுல படுத்தா தூக்கம் வரமாட்டீங்குது. வேற எங்க படுத்தாலும் வரமாட்டீங்குது. ஆனா சாகாம இருக்கோணும்னு மட்டும் தெரியுதுங்க."

இதை நான் எழுதுகிறேனே தவிர, எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. இட்லியை நிறுத்தி வைத்தது அவள் போய்விடுவாள் என்பதற்காக என்று அவள் நினைக்கிறாள். அப்படியானால் அமாவாசை அன்றைக்குச் சோறே ஊட்டினேனே, அது எதற்கு? இரண்டும் ஒரே கைதானே செய்தது.

ஜூலை 30, புதன்

பாலில் ஊறிய இட்லி, கால்வாசி. இறங்கியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

தெருவே காவிரிக்குப் போனது. ரங்கநாயகி வந்து கூப்பிட்டாள். புதுத் தாலிக் கயிறு மாற்றுகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் போய் என்ன செய்ய, வேண்டாம் என்றேன். கோகிலா உள்ளிருந்து, நாங்கள் ஊறவைத்த இட்லிக்குச் சாமி கும்பிடுகிறோம் என்றாள்.

இடியாப்பம் செய்தேன். தேங்காய்ப் பால் வேண்டாம், மோர் ஊற்றிக்கொள்கிறேன் என்றாள். எவ்வளவு வைக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டேன். வைத்துக்கொண்டாள். மெதுவாக, ஆடு அசைபோடுவது போல மென்றாள். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். இன்னும் கொஞ்சம் என்று என் வாயில் வந்து வந்து போனது. எழுந்து போய்ப் பின்பக்கக் குழாயடியில் நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முட்டை. மஞ்சள் கரு பிடிக்கவில்லை என்றாள். அதை நான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்றைக்கு நானே மேடத்துக்குப் போன் செய்தேன். எண்ணை அழுத்திவிட்டு இரண்டு தடவை நிறுத்தினேன். மூன்றாவது தடவை மணி அடித்துவிட்டது.

இட்லி, இடியாப்பம், முட்டை, மீன் எல்லாம் இறங்குகிறது, சோறு கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர்களுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது. நியாயம்தானே. போனைக் கோகிலாவிடம் கொடுங்கள் என்றார்கள். கோகிலா பேசினாள். வைத்துவிட்டு என்னிடம், குழைய வடித்த சோறு கொடுக்கலாம், கோழியை நன்றாக வேகவைத்துப் பிய்த்துக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள் என்றாள்.

நல்லசிவத்துக்குச் சொல்ல வேண்டும் என்றேன். நீங்களே சொல்லுங்கள் என்றாள். அதற்கும் எண்ணை அழுத்தினேன். சோறு இறங்க ஆரம்பிக்கப் போகிறது என்று சொன்னேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அத்தை என்றான். எதற்கு இவ்வளவு பெரிய வார்த்தை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சோறு. மிளகு ரசம். இறங்கியது.

அவ்வளவுதான் எழுத வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, ஆவணி ஒன்று

நல்லசிவம் காலையிலேயே வந்துவிட்டான். வெள்ளகோயில்காரர்கள் அடுத்த வாரம் பார்க்க வருகிறார்களாம். பார்க்கிறேன், பிடித்தால் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் இங்கே வந்துவிடுவேன் என்று கோகிலா அவனிடம் என் எதிரிலேயே சொன்னாள். அது எனக்காகச் சொன்னதா, அவனுக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. அவளுக்கு உடுத்த எதுவும் சரியாக இல்லை. என் பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்தேன், கட்டிக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, கோழிக் குழம்பு, பொரியல். கோகிலா தட்டில் ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டாள். கோழியை நாராகப் பிய்த்து, ஒவ்வொன்றாக மென்று, பாதியில் நிறுத்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். போதும் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். இதென்ன கோழிக்குஞ்சு கொறிப்பது போல, பஸ்ஸில் போகிற உடம்பு, இன்னொரு கரண்டி வையுங்கள் அத்தை என்றான் நல்லசிவம். போதும் என்கிறாளேப்பா என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அவன் கை கழுவப் போனதும் அவளிடம் கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. போதும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது?

"மூக்குல தண்ணி வருதுங்க அத்தை. வயிறு நெறைஞ்சா மொதல்ல மூக்குலதான் வருது. அதுக்கு மேல ஒரு வாய் வச்சா நெஞ்சடைக்குது. முன்னால எனக்கு இது எதுவுமே தெரிஞ்சதில்ல. எத்தன தின்னாலும் எறங்கும்."

பூபதிக்கும் அப்படித்தான் என்றேன். என் பிள்ளைக்குப் பசி அடங்கவே அடங்காது, ராத்திரி வந்தால் தோசைக்கல்லை இறக்க விடமாட்டான் என்று சிரித்தேன். நான் பெருமையாகத்தான் சொன்னேன். எப்போதும் சொல்வதுதான்.

அவள் சிரிக்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"அவரு பட்டறையிலேயே பரோட்டா தின்னுட்டுத்தானுங்க அத்தை வருவாரு. ஒவ்வொரு நாளும். எதுக்கு மறுக்கா திங்கறீங்கன்னு நானும் கேப்பேன். அம்மா கல்லப் போட்டுட்டு உக்காந்திருக்கும், சும்மா இருன்னுடுவாரு."

சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் இளைத்துப் போயிருந்தன. அதற்குள் நல்லசிவம் வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். போயிட்டு வர்றனுங்க அத்தை என்றாள். போய் வா கண்ணு, மெதுவாக மென்று சாப்பிடு என்றேன். இரண்டு பேரும் நடந்து தெருமுக்குத் திரும்பும் வரைக்கும் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று நினைவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கிறது. நான் இன்னும் சாப்பிடவில்லை.

நீ வரும்போது எனக்குச் சத்தம் கேட்கும். வண்டியை நிறுத்துவாய், செருப்பைக் கழற்றுவாய், 'அம்மா, என்ன' என்பாய். நான் மாவைக் கலக்குவேன். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. போதுமா என்று கேட்டால், 'ஊத்து' என்பாய். நான் ஊற்றுவேன். நீ குனிந்து சாப்பிடுவாய். நீ குனிந்திருப்பதால் உன் தலைதான் தெரியும், முகம் தெரியாது. உச்சியில் சுழி. வியர்த்திருக்கும். மூக்கை உறிஞ்சுவாய். காரம் என்று நினைத்துத் தண்ணீரைத் தள்ளி வைப்பேன்.

அப்போதெல்லாம் உனக்குப் பசித்ததா, உருண்டு?